அயலானைப் பற்றிச் சாட்சி சொல்லுதல்



பத்துக் கற்பனைகளில் எட்டாவது யாருக்கென்று கேட்டால், கோர்ட்டில் கூண்டேறிப் பொய்ச் சாட்சி சொல்பவனுக்கு என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நமக்குக் கோர்ட்டும் இல்லை, கூண்டும் இல்லை. ஆகவே அந்தக் கற்பனையை நாம் மீறுவதும் இல்லை என்று ஒரு நிம்மதி. நானும் அந்த நிம்மதியில்தான் இருந்தேன், சென்ற ஆகஸ்டு பதினைந்தாம் தேதித் திருநாள் முடிந்த மறுவாரம் வரைக்கும்.

அந்த வாரம் எங்கள் ஊருக்குக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை வந்தாள். நாட்டார் வழக்காற்றியல் படிக்கிறாளாம். திருவிழாக்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டுமாம். கையில் ஒரு நோட்டு, இன்னொரு கையில் பேசுவதைப் பதிவுசெய்யச் செல்போன். கரிசல் காட்டு வெயிலில் மூன்று மைல் நடந்து வந்த பிள்ளையைத் திண்ணையில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டுப் பெரியம்மா மோர் கொடுத்தார்கள். பெரியம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேலாகிறது. ஊர்ச் சங்கதி அனைத்தும் அவர்களுக்கு அத்துபடி.

“பாட்டி, திருநாளைக்கு நீங்கள் மஞ்சள் சேலை கட்டி, உப்பும் மிளகும் கொண்டுபோய்ப் போடுகிறீர்களே, அம்மன் கோயில் கொடையிலும் இப்படித்தானே செய்கிறார்கள்?” என்று அந்தப் பிள்ளை கேட்டாள். பெரியம்மா வாயெடுப்பதற்குள் நான் குறுக்கே விழுந்தேன். “அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையம்மா. எங்கள் வேதம் வேறு, அது வேறு” என்றேன். பிள்ளை எழுதிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “சப்பரம் ஏன் கிணற்றுப் பக்கம் வந்ததும் திரும்பிவிடுகிறது? தெற்குத் தெருவிலும் நம் சபையார்தானே குடியிருக்கிறார்கள்?”

“அந்தத் தெரு குறுகல். சப்பரம் நுழையாது” என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

அவள் பஸ் ஏறிப் போனபின் பெரியம்மா என்னைப் பார்த்து, “ஏன்யா, அந்தப் பிள்ளைட்ட அப்படிச் சொன்ன? பருத்தி ஏத்துற லாரி அந்தத் தெருவுக்குள்ளதானே போய்ட்டு வருது?” என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்கள்.

வாசகரே, அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. நான் இரண்டு பொய் சொல்லியிருந்தேன். முதலாவது, என் அயலாரின் வழிபாட்டைப் பற்றி. இரண்டாவது, எங்களைப் பற்றி. இரண்டும் ஓர் ஆராய்ச்சி நோட்டில் ஏறிவிட்டன. ஒரு ஜனத்தின் சமயத்தையும் வழக்கத்தையும் பற்றி எழுதுவதும், எழுத வந்தவர்க்குச் சொல்லுவதும் சாட்சி சொல்லுவதாகுமா? ஆகுமென்றால், எது மெய்ச் சாட்சி? இந்தக் கேள்வியோடு நான் சில புத்தகங்களைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

முதலாவதாக, இந்த ஆராய்ச்சி என்பது காலேஜ் பிள்ளைகள் கண்டுபிடித்த புதுமையன்று. நம் மதுரையிலேயே, நம் சபைக் குருமார் இருவருக்குள்ளேயே, நானூறு வருஷத்துக்கு முன் இதைக் குறித்துப் பெரும் வழக்கு நடந்தது. ராபர்ட் தெ நோபிலி சுவாமியார் 1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்தார். அங்கே அவருக்கு முன்பே பல வருஷங்களாக கொன்சாலோ பெர்னாண்டஸ் சுவாமியார் இருந்தார். இருவரும் சேசுசபையார்தாம். நோபிலி காவி உடுத்தார், மாமிசம் விட்டார், சிவதர்மர் என்ற பிராமணரிடம் வடமொழி கற்றார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்றார். பெர்னாண்டஸ் கூடாதென்றார். விஷயம் கோவாவுக்குப் போயிற்று, ரோமாபுரிக்கும் போயிற்று.

நான் வியந்தது இந்தச் சண்டையை அல்ல. இருவரும் சண்டையைத் தீர்க்க என்ன செய்தார்கள் என்பதையே. இருவரும் உட்கார்ந்து ஆராய்ந்து எழுதினார்கள்! இந்நாட்டு வழக்கங்களைக் குறித்து 1613-இல் நோபிலி ஒரு நூல் எழுதினார். இந்துக்களின் சடங்குகளை விவரித்து 1616-இல் பெர்னாண்டஸ் ஒரு நூல் எழுதினார். பூணூல் குலத்தையும் கல்வியையும் காட்டும் அடையாளமே, தேவ வழிபாடு அன்று என்பது நோபிலியின் கட்சி. அதை அணிவிக்கும்போது நடக்கும் சடங்கையும் ஓதும் மந்திரத்தையும் பாருங்கள், அது வழிபாடேதான் என்பது பெர்னாண்டஸின் கட்சி. ஒரே நூலிழையை இருவர் பார்த்தார்கள். ஒருவர் அணிந்தவன் ஊரில் எப்படி மதிக்கப்படுகிறான் என்று பார்த்தார். மற்றவர் அணிவித்தவன் வாயில் என்ன சொல் வந்தது என்று பார்த்தார். இன்றைக்கும் சமயங்களை ஆராயும் பண்டிதர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு கட்சியில் ஒன்றில்தான் நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

1623-ஆம் ஆண்டு பதினைந்தாம் கிரகோரியார் பாப்பரசர் நோபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். சமய வழக்கம் வேறு, ஊர் வழக்கம் வேறு என்ற பிரிவினை நமது மிசியோனில் வேரூன்றியது இவ்விதமே. அந்தப் பிரிவினையினால் நமக்கு விளைந்த நன்மை கொஞ்சமல்ல. நம் பெண்கள் தாலி கட்டுகிறார்கள், நாம் பொங்கல் இடுகிறோம், சப்பரம் இழுக்கிறோம், மேளம் கொட்டுகிறோம், தமிழில் செபிக்கிறோம். இதே கோவில்பட்டிச் சீமையில், காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்த வீரமாமுனிவர், இத்தாலியில் 1680-இல் பிறந்தவர், நம் பாஷையில் காவியம் பாடி, 1732-இல் சதுரகராதி செய்தார் என்றால், அந்தக் கதவை முதலில் திறந்து வைத்தவர்களில் நோபிலியும் ஒருவர். (அந்தக் கதவும் பிறகு பாதி சாத்தப்பட்டது. 1704-இல் புதுச்சேரியில் துர்னோன் ஆண்டகை பல வழக்கங்களைத் தடைசெய்தார். 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் அதைப் பெரும்பாலும் உறுதிப்படுத்தினார். அதன்படி நடப்பதாகக் குருமார் செய்துவந்த சத்தியப் பிரமாணம் 1940-இல்தான் நீக்கப்பட்டது. இது ஒரு நீண்ட கதை. இங்கே வேண்டாம்.)

ஆனால் அந்தத் திறந்த கதவின் வழியே இன்னொன்றும் உள்ளே வந்துவிட்டது. சாதியும் ஓர் ஊர் வழக்கமே, சமயமன்று என்று சொல்லப்பட்டது. பூணூல் ஊர் வழக்கமென்றால், தீண்டாமையும் ஊர் வழக்கந்தானே! உயர்குலத்தாருக்கு ஒரு வகைக் குரு, மற்றவருக்கு வேறு வகைக் குரு என்றும் ஏற்பாடாயிற்று. அதே 1623-ஆம் ஆண்டுச் சாசனத்திலேயே, குலப்பெருமை கொண்டாடுவோர் எளியவர்களை, அதிலும் விசேஷமாய்க் கோயிலிலே, இகழாதிருக்க வேண்டுமென்று பாப்பரசர் மன்றாடியிருக்கிறார். நோபிலிக்குச் சாதகமான பாகத்தை நம் முன்னோர் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். இந்தப் பாகத்தை மறந்துவிட்டார்கள். எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

தெற்கே வடக்கன்குளத்தில் நடந்தது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே 1872-இல் கட்டிய கோயிலில் இரண்டு பாகங்கள். இரண்டும் பீடத்தண்டையில் வந்து கூடும். நடுவே தடுப்புச் சுவர். ஒரு பக்கம் ஒரு சாதியார், மறுபக்கம் மற்றவர். 1910-இல் சுவர் இடிக்கப்பட்டது. அது தங்கள் பழைய உரிமை, வழக்கம், என்று வழக்காடியவர்கள் கோர்ட்டில் தோற்றார்கள். தூத்துக்குடிப் பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் இந்தச் சரித்திரத்தை ‘கிறித்தவமும் சாதியும்’ என்ற புத்தகத்தில் ஆதாரங்களோடு எழுதியிருக்கிறார். இதை எழுதியதால் அவர் நம் சபைக்கு விரோதி என்று சொல்லுவோரை நான் சந்தித்ததுண்டு. சுவர் கட்டியவர் விரோதியா, சுவர் இருந்ததென்று எழுதியவர் விரோதியா? நீங்களே சொல்லுங்கள்.

இனி, பொய்ச் சாட்சியின் மறுபக்கத்தைப் பார்ப்போம். வெளியிலிருந்து வருகிறவர் ஒரு ஜனத்தைப் பற்றித் தவறாக எழுதிவிட்டால்? இதற்கும் நம் ஜில்லாவிலேயே உதாரணம் இருக்கிறது. கால்டுவெல் ஐயர் இங்கிலாந்து சபையைச் சேர்ந்தவர். 1841 முதல் இடையன்குடியில் ஊழியம் செய்தார். 1856-இல் அவர் வெளியிட்ட திராவிட பாஷைகளின் ஒப்பிலக்கணத்துக்காகத் தமிழர் அவரை இன்றும் கொண்டாடுகிறார்கள், கொண்டாடவும் வேண்டும். ஆனால் அவரே 1849-இல், தாம் ஊழியம் செய்த பனையேறிக் குடிகளைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அவர்களுடைய தெய்வங்களைப் பேய்கள் என்றும், அவர்களுடைய புத்தியையும் பூர்வீகத்தையும் தாழ்வாகவும் விவரித்தார். அதைப் படித்தறிந்த நாடார் சமூகத்தாருக்கு ஏற்பட்ட மனப்புண் ஒரு தலைமுறைக்கும் ஆறவில்லை. அச்சமூகத்தைச் சேர்ந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை என்பவர் மிஷனரிகளை விட்டுப் பிரிந்து, 1857-இல் தனிச் சபையே நிறுவினார்.

கால்டுவெல் வேண்டுமென்று பொய் சொன்னாரென்று நான் சொல்லமாட்டேன். அந்த ஜனங்களோடு நெடுங்காலம் வாழ்ந்து, அவர்களுக்காக உழைத்து, கடைசியில் இடையன்குடியிலேயே அடக்கமானவர் அவர். ஆனால் அந்தப் புத்தகம் யாருக்காக எழுதப்பட்டது? சீமையிலுள்ளவர்கள் படித்து இரங்கி மிசியோனுக்கு உதவ வேண்டும் என்பதற்காக. எழுதப்பட்டவர்கள் அதைப் படிப்பார்கள் என்ற எண்ணமே அவருக்கு இருந்திராது போலும். அவர்களோ அவருடைய மிசியோன் பள்ளிக்கூடங்களிலேயே படித்து, அவருடைய புத்தகத்தையே எடுத்துப் படித்துவிட்டார்கள்!

இந்த இடத்தில் நாமும் கொஞ்சம் தலைகுனிய வேண்டும். நம் பழைய செபப் புத்தகங்களிலும் ஞானோபதேசங்களிலும் நம் அண்டை வீட்டாருக்கு நாம் கொடுத்திருந்த பெயர் ‘அஞ்ஞானிகள்’. நான் சிறுவயதில் அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறேன், நான் காய்ச்சலில் கிடந்தபோது கஷாயம் வைத்துக் கொடுத்த மாமியின் வீட்டைக் குறித்தே. அவர்களுக்கு அது கேட்டதா, கேட்டால் எப்படியிருந்திருக்கும் என்று அன்று நினைக்கவில்லை. 1965 அக்டோபர் 28-ஆம் தேதி வத்திக்கான் பொதுச்சங்கம் பிற சமயங்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டு, அவற்றில் உண்மையும் புனிதமுமாக இருப்பவற்றைத் திருச்சபை தள்ளுவதில்லை என்று அறிவித்தது. அதன்பின் அந்தச் சொல் புத்தகங்களிலிருந்து மறைந்தது. வாயிலிருந்து மறைய இன்னும் கொஞ்சநாள் பிடித்தது.

நம் பக்கத்து ஊரான இடைசெவலில் 1923-இல் பிறந்து, 2021-இல் காலமான கி. ராஜநாராயணனை இங்கே நினைத்துக்கொள்ளுகிறேன். பட்டம் பெறாத விவசாயி. புதுவைப் பல்கலைக்கழகம் பிறகு அவரை அழைத்துப் பேராசிரியராக வைத்துக்கொண்டது. கரிசல் ஜனங்களின் பேச்சைச் சொல் சொல்லாகச் சேகரித்து 1982-இல் அகராதி போட்டார். ஊர் ஊராகக் கிடந்த வாய்மொழிக் கதைகளை வாங்கித் தொகுத்தார். அவற்றில் சில, குழந்தைகள் முன் வாசிக்கத் தகாதவை. அவற்றையும் அவர் விடவில்லை. எனக்கு முதலில் அது பிடிக்கவில்லை. இப்போதும் அந்தப் புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஜனங்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதினார், நமக்கு அழகு வேண்டுமென்று எதையும் வெட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர் உள்ளூர்க்காரர். அவர் எழுதியதை இடைசெவல்காரர் படிப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

அப்படியானால் எழுதப்பட்டவர் ஒப்புக்கொண்டால்தான் மெய்யென்று ஒரு விதி செய்துவிடலாமா? கனடா தேசத்து அறிஞர் வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித் 1959-இல் இப்படித்தான் சொன்னார்: ஒரு சமயத்தைப் பற்றிச் சொல்லப்படும் எதுவும், அந்தச் சமயத்தார் அதை ஏற்றுக்கொண்டாலொழிய செல்லாது என்று. கேட்க நன்றாயிருக்கிறது. கால்டுவெல்லின் புத்தகத்தை இந்த விதியைக் கொண்டு தள்ளிவிடலாம். ‘அஞ்ஞானி’ என்ற சொல்லையும் தள்ளிவிடலாம்.

ஆனால், வாசகரே, இந்த விதியின்படி என்னுடைய இரண்டாவது பொய் மெய்யாகிவிடும்! ‘தெரு குறுகல்’ என்று நான் சொன்னேன். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன், ஊரில் பெரியவன் என்று பெயர். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதையே சொல்லுவார்கள், நம்பியும் சொல்லுவார்கள். வடக்கன்குளத்துச் சுவரைக் கட்டியவர்களைக் கேட்டிருந்தாலும் அது வெறும் வழக்கம், அதில் பாவமில்லை என்றே சொல்லியிருப்பார்கள். ‘அந்தச் சமயத்தார்’ என்பது யார்? சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பவர் மாத்திரமா? ஸ்மித் பெரிய அறிஞர்தான். ஆனாலும் ஒரு சபைக்குள்ளே இரண்டு தெரு இருக்கும் என்பதற்கு அவருடைய விதியில் இடமில்லை.

டேவிட் மோஸ் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் 1980-களில் பழைய இராமநாதபுரம் சீமையில் ஒரு கிராமத்தில் தங்கி, அங்கே சந்தியாகப்பர் திருநாளையும், அதில் யாருக்கு முதல் மரியாதை, யாருக்கு இல்லை என்பதையும் ஆராய்ந்தார். ஊரின் மெய்ப்பெயரை மறைத்து ‘ஆலபுரம்’ என்று பெயரிட்டார். பல வருஷம் கழித்து, 2012-இல்தான் புத்தகமாக வெளியிட்டார். சமயம் வேறு, வழக்கம் வேறு என்று நம் பழைய மிசியோனரிகள் செய்த பிரிவினை எப்படிச் சாதிக்கு நிழல் கொடுத்தது, பிறகு தலித் கிறிஸ்தவர்கள் அதே சபைக்குள் நின்று அதை எப்படி எதிர்த்தார்கள் என்று அவர் காட்டுகிறார். அவர் தெற்குத் தெருக்காரரிடமும் கேட்டார். அந்தச் சபையின் மரியாதைக்காரர்களை மாத்திரம் கேட்டிருந்தால், அந்தப் புத்தகம் வந்திராது.

இன்னும் கிட்டே வருவோம். மணியாச்சிப் பக்கம் புளியம்பட்டி அந்தோனியார் கோயில் நமக்கெல்லாம் தெரிந்தது. நம்மவரும் இந்து சகோதரரும் ஒன்றாய் வந்து நிற்கும் இடம். அங்கே பேய் பிடித்ததென்றும் சித்தம் கலங்கியதென்றும் கொண்டுவரப்படுவோரைப் பற்றி, பிரிஷித் செபாஸ்தியா என்ற பிரெஞ்சு மாது ஆராய்ந்து, 2007-இல் தம் பாஷையில் நூல் வெளியிட்டிருக்கிறார். அந்நிய தேசத்தாருக்கு நம் கோயிலில் என்ன வேலை, நம் விசுவாசத்தைப் பரிசோதிக்க இவர்கள் யார் என்று சிலர் கேட்பார்கள். 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி, ஏர்வாடி தர்காவின் அருகே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் மாண்டார்கள். வேண்டுதலோடு வந்தவர்களை யாராவது அதற்கு முன்பே உட்கார்ந்து விசாரித்து, கால்களைப் பார்த்து எழுதியிருந்தால், எழுதியதை நாடு படித்திருந்தால் என்று என் மனம் கேட்கிறது. பக்தி உள்ள கண்ணுக்குப் படாதது சிலசமயம் நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர் கண்ணுக்குப் படும். அந்தச் சங்கிலி எந்தச் சமயத்துக் கோயிலில் கிடந்தாலும் சங்கிலிதான்.

நிற்க. என் முதல் பொய்க்கு வருகிறேன். மஞ்சள் சேலையும் உப்பு மிளகும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேனே, ஏன் சொன்னேன்? நம் விசுவாசம் கடன் வாங்கியதாய்த் தோன்றிவிடுமோ என்ற பயம். பெரியம்மாவிடம் மறுநாள் கேட்டேன். அவர்கள் கூச்சப்படாமல் சொன்னார்கள்: “எங்க ஆத்தா வேதத்துல சேருறதுக்கு முந்தி மாரியம்மனுக்குப் போட்டா. சேர்ந்தப்புறம் மாதாவுக்குப் போட்டா. நோவு வந்தா யார்ட்டயாவது போய் நிக்கணும்லாய்யா.” இதில் மறைக்க என்ன இருக்கிறது? நோபிலி, பெர்னாண்டஸ் இருவரும் மாறி மாறி எழுதியதற்கு இந்தக் கிழவி திண்ணையிலிருந்து கொடுத்த பதிலாகவே எனக்கு அது பட்டது. உப்பு ஒன்றே, யாரிடம் போய் நிற்கிறோம் என்பது மாறிற்று. அதைச் சொல்லுவதால் தேவமாதாவுக்கு ஒரு குறைவும் வராது. அண்டை வீட்டு அம்மாளின் வேண்டுதல் வேறு ஜாதி மிருகம் போட்டதுபோல் நான் பேசியதே குறைவு.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண்பிள்ளை திரும்பி வந்தாள். எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஒப்படைக்க வேண்டுமென்று அவளுடைய ஆசிரியர் சொல்லியனுப்பினாராம். நல்ல ஆசிரியர். வாசித்தாள். ‘தெரு குறுகலாக இருப்பதால் சப்பரம் தெற்குத் தெருவுக்குள் செல்வதில்லை என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கூறினார்’ என்று அழகான கையெழுத்தில் இருந்தது. அச்சில் வந்தால் ஐம்பது வருஷம் நிற்கும்.

“அதை அடித்துவிடு அம்மா” என்றேன்.

“அப்ப என்ன காரணம்னு எழுதட்டும் ஐயா?”

எனக்குச் சொல்ல நா எழவில்லை. காரணம் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் என் வாயால் வரவேண்டுமென்று காத்திருந்தாள். கடைசியில் சொன்னேன். அவள் மறுபடி வாசித்துக் காட்டினாள், சரியென்றேன். பிறகு, தெற்குத் தெருவில் யாரையாவது பார்க்க வேண்டுமென்றாள். எழுபது வருஷமாய் இந்த ஊரில் இருக்கிறேன். அந்தத் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததில்லை. அன்று அவளோடு போனேன். தெருவை அடியால் அளந்தும் பார்த்தேன். எங்கள் தெருவைவிட இரண்டடி அகலம். அந்த வீட்டுப் பெரியவர் எங்களுக்குக் காப்பி கொடுத்தார். அந்தப் பிள்ளை கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த திருநாளின் சப்பரப் பாதையைக் குறித்துப் பேச, வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் பங்குக் கூட்டம் வைக்கச் சுவாமியார் சம்மதித்திருக்கிறார். பாதை ‘வழக்கம்’ என்று சொல்ல விரும்புகிறவர்கள் வந்து சொல்லலாம். தெற்குத் தெருவாருக்கும் சொல்லியனுப்பியிருக்கிறது. அளவு நாடா நான் கொண்டுவருகிறேன்.